மண்ணுக்கு அடியில மாட்டிக்கிற ஹாரர் படங்கள்: பேய் வந்ததும் பயம் போயிடுதே, எனக்கு மட்டும் தானா?

நைட்ஷோ_நாகா

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்கு கேட்டே ஆகணும்னு வந்துட்டேன்.

குகை, சுரங்கம், சப்வே டனல், பாதாள அறை, சவப்பெட்டி, எதுவா இருந்தாலும் சரி, மண்ணுக்கு அடியில மாட்டிக்கிற ஹாரர்னா நான் விடவே மாட்டேன். ஆனா முக்காவாசி படத்துல ஒரே கதை தான். முதல் பாதி பிரமாதமா இருக்கும், ஆள் நுழையவே முடியாத சந்துல வயித்தால ஊர்ந்து போவாங்க, பின்னாடி கல்லு சரியும், லைட்டு மினுக்கும், எனக்கு இங்க மூச்சு முட்டும். அப்புறம் ஒரு மிருகமோ பேயோ வரும். வந்த அடுத்த நிமிஷம் நான் ரிலாக்ஸ் ஆயிடுறேன்! சத்தியமா சொல்றேன், பயம் ஏறணும் இல்ல? இறங்குது. அதுக்கப்புறம் படம் வெறும் ஓடிப்பிடிச்சு விளையாட்டு.

2005ல வந்த 'தி கேவ்' எடுத்துக்கங்க. தண்ணி நிறைஞ்ச குகை, உள்ள டைவர்ஸ், வந்த வழி மூடிப்போச்சு, இதுக்கு மேல ஒரு டைரக்டருக்கு என்ன வேணும்? அதுல போய் ரெக்கை வெச்ச ஜந்துவ பறக்க விட்டாங்க. போச்சு.

அதனால கேள்வி ரெண்டு. இடமே வில்லனா இருக்குற படம் எது எது? இன்னொண்ணு, இந்த பயம் இறங்குற மேட்டர் உங்களுக்கும் நடக்குதா, நடந்தா ஏன்? சும்மா படம் பேர மட்டும் போட்டுட்டு ஓடிடாதீங்க, எந்த இடம் உங்கள புடிச்சு உலுக்குச்சுன்னு சொல்லுங்க. ஸ்பாய்லர்னா முன்னாடியே ஒரு வார்த்தை போட்டுடுங்க ப்ளீஸ்.

குகைப்பூச்சி

'தி டிசென்ட்' பத்தி பேசாம இந்த திரெட் நகராது, நானே ஆரம்பிச்சு வெக்கிறேன். நீல் மார்ஷல், அதே 2005. நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க நாகா, ஆனா உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் அதுலயே இருக்குன்றது என் கட்சி.

அதுல அந்த ஜந்துங்க ஒழுங்கா கண்ணுல படுறதுக்கே படம் பாதிக்கு வந்துடும். அதுக்குள்ள அந்த ஆறு பொண்ணுங்க கதை ஏற்கனவே முடிஞ்சு போச்சு, யோசிச்சு பாருங்க. வந்த வழி இடிஞ்சிடுச்சு. சொல்லிட்டு வந்த குகை வேற, ஜூனோ கூட்டிட்டு வந்த குகை வேற, அதனால மேல யாரும் தேடி வரப்போறது இல்ல. மேப்புலயே இல்லாத குகை, வெளிய போற வழி இருக்கான்னு கூட தெரியாது. இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம் தான் ஜந்து. அந்த ஜந்துக்கு கண்ணு தெரியாது, சத்தத்தை வெச்சு தான் வேட்டை. அதாவது அந்த இருட்டுல அவங்களுக்கு மிச்சம் இருந்ததே ஒருத்தர ஒருத்தர் கத்தி கூப்பிட்டுக்கிறது தான், அதையும் புடுங்கிட்டாங்க! இடத்தோட கொடுமைய ஜந்து இன்னும் ஏத்துது. 'தி கேவ்'ல இடத்தை ஓரமா தள்ளிட்டு ஜந்து முன்னாடி வந்து நிக்குது, அதான் உங்களுக்கு பயம் இறங்குச்சு. தப்பு ஜந்து மேல இல்ல, அத எதுக்கு கொண்டு வந்தாங்கன்றது தான் விஷயம்.

ஆனாலும் என் ஓட்டு ஜந்து வர்றதுக்கு முன்னாடி வர்ற அந்த டனல் சீனுக்கு தான். சாரா நடுவுல மாட்டிக்குவா, முன்னாடியும் போக முடியல பின்னாடியும் போக முடியல, மூச்சு வேகமா வாங்க ஆரம்பிச்சிடும். பெத் திரும்பி ஊர்ந்து வந்து அவ மூஞ்சிக்கு நேரா மூஞ்சிய வெச்சு பேச்சு குடுப்பா, மொக்க ஜோக் ஒண்ணு சொல்லி சிரிக்க வெக்க பாப்பா. அந்த இடத்துல எந்த மியூசிக்கும் எந்த கிராபிக்ஸும் என்ன பயமுறுத்தல, ஒரு ஃப்ரெண்டு இன்னொரு ஃப்ரெண்ட சமாதானப்படுத்துற குரல்ல அவளுக்கே இருக்குற பயம் தெரியுது பாருங்க, அது தான். கேமராவும் பின்னாடி போகாது. போனா தான சுத்தி எவ்ளோ இடம் இருக்குன்னு நமக்கு தெரியும், அந்த ஆறுதல கடைசி வரைக்கும் குடுக்க மாட்டாங்க.

இத்தனைக்கும் அது நிஜ குகையே இல்ல, பைன்வுட் ஸ்டுடியோல போட்ட செட்டு. வெளிச்சம் மட்டும் நேர்மையா வெச்சாங்க: அவங்க கையில என்ன இருக்கோ அது தான் லைட்டு, ஹெல்மெட் லேம்ப், செவப்பு ஃப்ளேர், பச்சை க்ளோஸ்டிக், கேம்கார்டர். ஃப்ரேம்ல மிச்சம் எல்லாம் கருப்பு. இன்னொண்ணு, ஜந்து வேஷம் போட்டவங்கள நடிகைங்க கண்ணுலயே காட்டாம ஒளிச்சு வெச்சிருந்து நேரா ஷாட்ல தான் இறக்கி விட்டாங்களாம், அதனால அந்த முதல் அலறல்ல நடிப்பு கொஞ்சம் கம்மி தான்!

ஒத்தசீட்டு

'பரீட்', 2010. ரயன் ரெனால்ட்ஸ், ஒரு சவப்பெட்டி, ஒரு லைட்டர், ஒரு ஃபோன். ஒன்றரை மணி நேரம் கேமரா பெட்டிய விட்டு வெளியவே வராது. ஃப்ளாஷ்பேக் கிடையாது, ஃபோன்ல பேசுற ஆளுங்கள நேர்ல காட்டுறது கூட கிடையாது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல, கஸ்டமர் கேர் மாதிரி ஹோல்டுல போடுறவங்க தான் வில்லன். நடுவுல ஒரு பாம்பு வரும், அது எனக்கு வேண்டாத வேலையா தோணுச்சு, நாகா தியரி அங்க கரெக்ட்டா வேலை செய்யுது.

ஹெட்லேம்ப்

நான் நிஜமாவே கேவிங் போறவன், அதனால இந்த மாதிரி படத்த நிம்மதியா பாக்க விட மாட்டேன்னு வீட்ல யாரும் என் கூட உக்கார மாட்டாங்க. ரெண்டு மூணு விஷயம் சொல்றேன், படத்த விட நிஜம் எங்க பயங்கரம்னு தெரியும்.

முதல்ல வெளிச்சம். படத்துல டார்ச் படபடன்னு மினுக்கும், தலையில ஒரு தட்டு தட்டுவாங்க, எரியும். இப்போ வர்ற எல்இடி லேம்ப் அப்படி டிராமா எல்லாம் பண்ணாது, மெதுவா மங்கும், மங்குறதே உங்களுக்கு தெரியாது, எதிர்ல சுவர் என்னமோ தள்ளி போன மாதிரி இருக்கும். ஒரு ஆளுக்கு மூணு லைட் தனித்தனியா இருக்கணும்னு சொல்றது இதுக்கு தான். அப்புறம் ஹெட்லேம்ப் நீங்க பாக்குற திசைல மட்டும் தான் அடிக்கும், கழுத்த திருப்பினா பின்னாடி இருந்த உலகம் காணாம போயிடும். பேசுறவன் மூஞ்சிய பாத்தா அவன் கண்ணு கூசி குருடாயிடுவான், அதனால குகைக்குள்ள எல்லாரும் ஒருத்தர் நெஞ்ச பாத்து ஒருத்தர் பேசுவோம், இல்ல தரைய பாத்து பேசுவோம். பக்கத்துல நிக்குறவன் பயந்து போயிருக்கானா இல்லையான்னு மூஞ்சிய பாத்து கண்டுபிடிக்கவே முடியாது, குரல வெச்சு தான் தெரிஞ்சுக்கணும். இத ஏன் ஒரு படத்துலயும் யூஸ் பண்ண மாட்றாங்கன்னு எனக்கு புரியல, எவ்ளோ நல்ல ஹாரர் மெட்டீரியல்!

லைட்ட அணைச்சா கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும்னு நினைக்கிறவங்களுக்கு: பழகாது. வெளிய ராத்திரியில நட்சத்திரமாவது இருக்கும், உள்ள பழகுறதுக்கு வெளிச்சமே கிடையாது. மணிக்கணக்கா உக்காந்தாலும் அதே கருப்பு தான். கைய கண்ணு முன்னாடி ஆட்டினா ஏதோ அசையிற மாதிரி இருக்கும், அது மூளை சும்மா போட்டு காட்டுற படம்.

அடுத்தது அந்த சந்து, ஸ்க்வீஸ்னு சொல்லுவோம். ஹெல்மெட்ட கழட்டி முன்னாடி தள்ளிட்டு, ஒரு கைய முன்னாடி நீட்டி இன்னொரு கைய உடம்போட ஒட்டி வெச்சு, மூச்ச முழுசா வெளிய விட்டு, நெஞ்சு சுருங்குற அந்த ரெண்டு செகண்டுல கால் விரலால தள்ளணும். அப்புறம் மூச்சு இழுக்கணும், இழுத்தா பாறை நெஞ்ச ரெண்டு பக்கமும் பிடிக்கும். பயந்தா என்ன ஆகும்? மூச்சு வேகமா வாங்கும், நெஞ்சு விரிஞ்சே இருக்கும், இன்னும் இறுகும். அதாவது அங்க உங்கள மாட்ட வெக்கிறதே உங்க பயம் தான். குகைப்பூச்சி சொன்ன சாரா சீன்ல பெத் முதல்ல அவ மூச்ச கட்டுக்குள்ள கொண்டு வர பாக்குறா பாருங்க, அது ரொம்ப சரியான விஷயம், எழுதினவங்க ஹோம்வொர்க் பண்ணிருக்காங்க.

தலைகீழா இறங்குற ஸ்க்வீஸ் தான் எல்லாத்துலயும் மோசம். 2009ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல நட்டி பட்டி குகைல ஒருத்தர் அப்படி தலை கீழ இருக்குற மாதிரி மாட்டிக்கிட்டார், ஒரு நாளைக்கு மேல போராடியும் எடுக்க முடியல, இறந்துட்டார். உடம்பையும் வெளிய கொண்டு வர முடியாம குகைய அப்படியே மூடிட்டாங்க. இதுல எந்த ஜந்து வேணும் சொல்லுங்க?

நைட்ஷோ_நாகா

ஹெட்லேம்ப் அண்ணே, படிக்கும்போதே சட்டை காலர லூஸ் பண்ணிக்கிட்டேன். நெஞ்ச பாத்து பேசுற மேட்டர் வெச்சு யாராச்சும் படம் எடுங்கப்பா. குகைப்பூச்சி, நீங்க சொல்றது பாதி ஒத்துக்கிறேன், ஆனா அந்த ஜந்து கூட நேருக்கு நேர் சண்டை போட ஆரம்பிச்சதும் எனக்கு தெம்பு தான் வந்துச்சு, பயம் வரல.

ரீல்பெட்டி

செட்டு போட்ட படம் பத்தி பேசுறீங்க, நிஜ இடத்துல எடுத்தத பத்தி நான் சொல்றேன்.

'ஆஸ் அபவ் ஸோ பிலோ', 2014, பாரிஸ் கேட்டகோம்ப்ஸ்ல பர்மிஷன் வாங்கி உள்ளயே போய் எடுத்தது. பழைய சுண்ணாம்புக்கல் குவாரி அது, ஊருக்கு அடியில நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓடுது. 18ஆம் நூற்றாண்டு கடைசில கல்லறைத் தோட்டமெல்லாம் நிரம்பி வழிய ஆரம்பிச்சதும் எலும்ப எல்லாம் அள்ளிட்டு வந்து இங்க கொட்டி அடுக்கினாங்க, சுமார் 60 லட்சம் பேரோட எலும்பு. டிக்கெட் வாங்கி பாக்குற பகுதி கொஞ்சூண்டு தான், மிச்ச டனல்ல நுழையிறதுக்கு 1955ல இருந்தே தடை. படம் அந்த தடை செஞ்ச பக்கம் தான் போகுது. எலும்பு குவியலுக்கும் கூரைக்கும் நடுவுல ஊர்ந்து போற சீன் ஒண்ணு இருக்கு, கேமராமேன் பெஞ்சி மாட்டிக்குவான், அடியில எலும்பு நொறுங்குற சத்தம், மேல கல்லு, அவன் கத்துறான். பேய் பிசாசு எதுவும் அந்த சீன்ல கிடையாது. பின்பாதி நரகம் அது இதுன்னு வேற ரூட்ல போயிடும், நாகாவுக்கு புடிக்காது, ஆனா ஒரு ஐடியா சூப்பர்: வெளிய வரணும்னா இன்னும் கீழ தான் போகணும். மேல போற வழியே கிடையாது. ஒவ்வொரு ஓட்டையிலயும் அவங்க இறங்கும்போது நமக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணும்.

பழசுல 'மை ப்ளடி வேலன்டைன்', 1981. கனடாவுல நோவா ஸ்கோஷியா பக்கம் மூடிப்போன நிலக்கரி சுரங்கத்துலயே ஷூட் பண்ணாங்க. இதுல ஒரு காமெடி இருக்கு, சினிமாக்காரங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் அந்த ஊர்க்காரங்க சுரங்கத்த கழுவி பெயின்ட் அடிச்சு பளபளன்னு ஆக்கிட்டாங்க! படக்குழு தலையில கைய வெச்சுக்கிட்டு, மறுபடியும் காசு செலவு பண்ணி அழுக்காக்குனாங்க. உள்ள மீத்தேன் பயம் இருந்ததால இஷ்டத்துக்கு பெரிய லைட்டும் வெக்க முடியல. அந்த மங்கலுக்கு எந்த செட்டும் ஈடாகாது. கொலைகாரன் சுரங்கத் தொழிலாளி வேஷத்துல, மூஞ்சில கேஸ் மாஸ்க்கோட வருவான், அந்த மாஸ்க்குக்குள்ள இருந்து வர்ற மூச்சு சத்தம் இருக்கே, ஹெட்ஃபோன்ல கேளுங்க.

அப்புறம் ஆஸ்திரேலியாவோட 'தி டனல்', 2011. சிட்னிக்கு அடியில கைவிட்ட ரயில்வே டனல். படத்தோட ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு டாலர்னு ஜனங்களுக்கு வித்து காசு சேத்தாங்க, முடிஞ்சதும் டாரன்ட்ல அவங்களே ஃப்ரீயா விட்டாங்க. நிறைய பேருக்கு தெரியாத படம், முக்கால்வாசி சத்தத்துலயே ஓட்டிடுவாங்க.

பாதாள_பைரவன்

'பார்பேரியன்' 2022 யாரும் சொல்லலையா?? வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு கதவு, அதுக்குள்ள இன்னொரு கதவு, அதுக்குள்ள படி, கீழ போயிட்டே இருக்கும். நாம இங்க "போகாத போகாத"ன்னு கத்திட்டு இருக்கோம், வீட்டு ஓனர் வர்றான், அந்த டனல பாக்குறான், டேப் எடுத்து அளக்க ஆரம்பிக்கிறான்! சதுர அடி கூடுனா வீட்டு விலை ஏறும்னு கணக்கு போட்டுக்கிட்டே இருட்டுக்குள்ள நடக்குறான், கூண்டு எல்லாம் கிடக்கு, அத பாத்தும் டேப்ப நீட்டிட்டே போறான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிச்சுது, சிரிச்சுக்கிட்டே பயப்படுறது வேற லெவல்.

ஜன்னலோரம்

எனக்கு க்ளாஸ்ட்ரோஃபோபியா, அதாவது அடைஞ்ச இடம்னாலே வர்ற பயம், நிஜமாவே இருக்கு, டாக்டர் சொல்லி தெரிஞ்சது, படம் பாத்து வந்தது இல்ல. நாகா கேட்ட "ஏன்"க்கு எனக்கு புரிஞ்சத சொல்றேன்.

இந்த பயத்துல ரெண்டு தினுசு இருக்குன்னு சைக்காலஜில பிரிப்பாங்க. ஒண்ணு மூச்சு அடைச்சிடுமோங்குற பயம். இன்னொண்ணு கை கால அசைக்க முடியாம போயிடுமோங்குற பயம். சிலருக்கு ஒண்ணு தூக்கலா இருக்கும், சிலருக்கு ரெண்டும். எனக்கு ரெண்டாவது. லிஃப்ட்ல கூட்டமா இருந்தா கூட சமாளிச்சிடுவேன், ஆனா தூங்கும்போது போர்வை கால்ல சுத்திக்கிச்சுன்னா அலறி எழுந்திடுவேன். எம்ஆர்ஐ எடுக்க போனப்போ கையில ஒரு ரப்பர் பல்ப் குடுத்து, முடியலன்னா அமுக்குங்கன்னு சொன்னாங்க, உள்ள தள்ளுன உடனே அமுக்கிட்டேன். அந்தம்மா சிரிக்காம, "பரவால்லம்மா, இன்னொரு தடவ கண்ண மூடிக்கிட்டு உள்ள போங்க, சுவர பாக்காதீங்க"ன்னாங்க. பாக்கலன்னா முடிஞ்சுது! அப்போ தான் தோணுச்சு, இந்த பயத்துக்கு எதிரி யாரும் கிடையாது. அடிக்க முடியாது, ஓட முடியாது, கெஞ்ச முடியாது. சுவருக்கு என் மேல கோவமும் இல்ல.

படத்துல ஜந்து வந்ததும் அது மாறிடுது. ஓடலாம், ஒளியலாம், கல்ல எடுத்து மண்டைய உடைக்கலாம். கொடூரமா இருந்தாலும் உடம்புக்கு செய்யிறதுக்குன்னு ஒரு வேலை கிடைச்சிடுது. நாகாவுக்கு வந்த தெம்பு அதான்னு நினைக்கிறேன். அதனால குகைப்பூச்சி சொன்னதோட எனக்கு முழுசா ஒத்துப்போகல, 'டிசென்ட்'ல கூட அந்த ஜந்துங்க வந்த பிறகு தான் என்னால முழுக்க பாக்க முடிஞ்சுது, அது வரைக்கும் ரிமோட் கையில தான் இருந்துச்சு. 'பரீட்' இன்னும் தொடல, தொடவும் மாட்டேன், ஒத்தசீட்டு மன்னிக்கணும்.

இதே மாதிரி இருக்குறவங்க யாராச்சும் படிச்சா: மத்தியானம் பாருங்க, சத்தத்த குறைச்சு வெச்சு பாருங்க. மூச்சு சத்தம் தான் நம்மள தொத்திக்கும், அது குறைஞ்சாலே பாதி பாரம் இறங்கிடும்.

குகைப்பூச்சி

ஜன்னலோரம் சிஸ், இதுக்கு பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு சின்ன வாதம் மட்டும் விடுறேன்: ஜந்து வந்து நமக்கு தெம்பு வருதே, சாராவுக்கு அந்த தெம்பு வந்து அவ என்ன ஆகுறான்னு தான் படத்தோட ரெண்டாம் பாதியே. ஜூனோ கிட்ட கடைசில என்ன பண்றான்னு பாத்தீங்கல்ல.

சும்மா_வந்தேன்

ஹாரர் லிஸ்ட்ல வராது, ஆனா இடமே வில்லன்னு கேட்டதால. 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024) பாத்து எந்த பேய்ப்படத்துக்கும் இவ்ளோ பயப்படலயேன்னு தோணுச்சு. 2006ல நிஜமா நடந்தது, குணா குகைல ஒருத்தன் குழிக்குள்ள விழுந்துடுவான், மேல ஃப்ரெண்ட்ஸ் பேர சொல்லி கத்துவாங்க, கீழ இருந்து பதிலே வராது. அந்த பதில் வராத கொஞ்ச நேரம்! அப்புறம் மழை புடிச்சுக்கும், தண்ணி அந்த குழிக்குள்ள இறங்கும். குழிக்கு அவன் பேர் கூட தெரியாது, ஜன்னலோரம் சொன்ன மாதிரி கோவமும் இல்ல.

இன்னொண்ணு ரொம்ப பழசு, பில்லி வைல்டரோட 'ஏஸ் இன் தி ஹோல்', 1951. குகைல ஒருத்தர் மாட்டிக்குவார், மேல ஒரு ரிப்போர்ட்டர் தன் நியூஸ் ஓடணும்னு மீட்புப் பணிய இழுத்தடிப்பான், வெளிய திருவிழா கூட்டம் கூடிடும், ராட்டினம் எல்லாம் போட்டுடுவாங்க. 1925ல கென்டக்கில ஃப்ளாய்ட் காலின்ஸ்னு ஒரு குகை ஆராய்ச்சியாளர் இதே மாதிரி மாட்டி இறந்து போனார், அத நினைவுல வெச்சு எடுத்தது தான். அவர் பாதத்துல விழுந்த கல்லோட எடை சுமார் 12 கிலோ தானாம். மேல ஆயிரக்கணக்குல கூட்டம், பத்திரிகை, கடைங்க, கீழ கைக்கு எட்டாத இடத்துல அந்த ஒரு கல்லு.

நைட்ஷோ_நாகா

அடேங்கப்பா, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. 'ஏஸ் இன் தி ஹோல்' இந்த வாரமே. 'டிசென்ட்' மறுபடி பாக்கலாம்னு இருக்கேன், ரெண்டு முடிவு இருக்குன்னு எங்கயோ படிச்சேன், எது நிஜ முடிவு?

குகைப்பூச்சி

ஸ்பாய்லர், பாக்காதவங்க தாண்டி போயிடுங்க.

பிரிட்டன்ல வந்த ஒரிஜினல்ல சாரா தப்பிச்சு கார்ல போற மாதிரி காட்டிட்டு, அதெல்லாம் பிரமைன்னு மறுபடி குகைக்குள்ளயே கண்ணு முழிப்பா. எதிர்ல அவ பொண்ணு பர்த்டே கேக்கோட உக்காந்திருக்கும். 2006ல அமெரிக்காவுல ரிலீஸ் பண்ணப்போ இந்த கடைசி துண்ட வெட்டி கார் சீனோடயே முடிச்சுட்டாங்க. ரெண்டுமே நல்லா தான் இருக்கும், ஆனா நீங்க கேக்குற "இடமே வில்லன்" கணக்குக்கு பிரிட்டன் வெர்ஷன் தான் பாக்கணும், ஏன்னா அதுல குகை அவள விடவே இல்ல. 2009ல வந்த ரெண்டாம் பார்ட் சாரா வெளிய வந்துட்டான்னு வெச்சு ஆரம்பிக்கும், முதல் பார்ட்டோட எடிட்டர் தான் டைரக்ட் பண்ணாரு, நேரம் இருந்தா மட்டும் பாருங்க.

ரீல்பெட்டி

அப்படியே இதையும் சொல்லிடுறேன், 'மை ப்ளடி வேலன்டைன்' தேடும்போது 2009ல வந்த 3டி ரீமேக் தான் முதல்ல வந்து நிக்கும். அத ப்ளே பண்ணிட்டு என்ன திட்டாதீங்க, 1981 பாத்து எடுங்க.